ஓசூர் பக்கம் ஒரு வீக் எண்ட்: அறையைப் பார்க்கும் முன் அக்கம்பக்கத்தைப் பாருங்கள்!

வெள்ளிக்கிழமை மாலை ஆகிவிட்டால் அத்திப்பள்ளி எல்லையில் வண்டிகள் ஊர்ந்துதான் நகரும். எலெக்ட்ரானிக் சிட்டியில் லேப்டாப்பை மூடிவைத்துவிட்டுக் கிளம்புகிறவர்கள், ஓசூர் சிப்காட்டில் ஷிஃப்ட் முடித்துக் குடும்பத்தோடு புறப்படுகிறவர்கள், சென்னையிலிருந்து கிருஷ்ணகிரி வழியாக வருகிறவர்கள் எனப் பலரும் தேடுவது ஒன்றைத்தான். மரம், செடி, கொடிகளுக்கு நடுவே இரண்டு நாள் நிம்மதியாக இருக்க ஓர் இடம்.

ஊட்டி, கொடைக்கானல் வரை போய்வர நேரமில்லாதவர்களுக்கு ஓசூரும் கிருஷ்ணகிரியும் வசதியான தூரம். ஃபார்ம் ஸ்டே, மாந்தோப்பு வில்லா, டென்ட் கேம்ப், 'பூட்டிக்' ரிசார்ட் என்று வகைவகையாக இடங்கள் வந்துவிட்டன. போட்டோவில் எல்லாமே அழகுதான். ஆனால், ஒரு பக்கம் தொழிற்சாலைகளும் மறுபக்கம் யானைக் காடுமாக இருக்கிற இந்த எல்லைப் பகுதியில், ரூம் எப்படி இருக்கிறது என்பதைவிட அது எங்கே இருக்கிறது என்பதுதான் முதலில் பார்க்க வேண்டிய விஷயம்.

ஒரே மாவட்டம், மூன்று விதமான ஊர்கள்

தர்மபுரியிலிருந்து பிரிந்து 2004-ல் உருவான கிருஷ்ணகிரி மாவட்டத்தில், ஓசூரும் கிருஷ்ணகிரியும் சுமார் 50 கி.மீ. தூரத்தில் இருக்கின்றன. ஆனால், தட்பவெப்பம் ஒன்றல்ல. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது ஓசூர். கிருஷ்ணகிரி அதைவிடத் தாழ்வான ஊர். ஏப்ரல், மே மாதங்களில் 'ஓசூர் பக்கம்தான்' என்று நம்பி கிருஷ்ணகிரியைத் தாண்டி ரூம் போட்டால், குளிருக்குப் பதில் வெயில்தான் வரவேற்கும்.

முதல் வகை, தளி, ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி பக்கம். குளிர்ச்சியான பகுதி இது. வெள்ளைக்காரர்கள் தளியை 'லிட்டில் இங்கிலாந்து' என்று அழைத்ததாகச் சொல்வார்கள். காடும் இங்கேதான் நெருக்கம். வேட்டை இலக்கியத்தில் பெயர்பெற்ற கென்னத் ஆண்டர்சன் 1954-ல் வெளியிட்ட முதல் புத்தகத்தில், ஜவளகிரியின் ஆட்கொல்லிப் புலியைப் பற்றி எழுதியிருக்கிறார்.

இரண்டாவது, சூளகிரி, ராயக்கோட்டை பக்கம். மொட்டைப் பாறைக் குன்றுகள், தக்காளித் தோட்டங்கள், பழைய கோட்டைகள் என்று வேறு மாதிரியான அழகு. மைசூர்ப் போர்களில் பெயர் அடிபட்ட ராயக்கோட்டைக் குன்றில் காலையிலேயே ஏறி இறங்கலாம். பெங்களூரு, சேலம் ரயில் பாதையில் ராயக்கோட்டைக்கு ஸ்டேஷனும் இருப்பதால், கார் இல்லாதவர்களுக்கும் வசதி.

மூன்றாவது, கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டினம், பர்கூர் பக்கம். இது மாம்பழ நாடு. ஊர்க்காரர்கள் 'பெங்களூரா' என்று சொல்லும் கிளிமூக்கு மாங்காய் இங்கிருந்துதான் லாரி லாரியாகக் கூழ் ஆலைகளுக்குப் போகிறது. மாந்தோப்புக்குள் தங்க ஆசைப்படுகிறவர்கள் மே, ஜூன் மாதங்களில் வந்தால் காய்த்த மரங்களைப் பார்க்கலாம். ஆகஸ்ட்டுக்கு மேல் வந்தால் நிழல் மட்டும்தான் மிஞ்சும்.

குழந்தைகளுக்கு ஓடியாட இடம் வேண்டுமா, பெரியவர்களுக்குக் குளிர்ச்சி வேண்டுமா, நண்பர்களோடு குன்று ஏற வேண்டுமா என்பதை முதலில் முடிவு செய்துகொண்டால், எந்தப் பக்கம் தேட வேண்டும் என்பது தானாகவே தெரிந்துவிடும்.

'ஃபாரஸ்ட் வியூ' என்றால் யானைக்கும் வியூ!

தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் 'காட்டை ஒட்டிய அறை' என்பதைப் பெரிய சிறப்பாக விளம்பரம் செய்வார்கள். அந்தக் காடு சும்மா இல்லை. 504 சதுர கி.மீ. பரப்புள்ள காவிரி வடக்கு வன உயிரின சரணாலயம், 2014-ல் கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களில் அறிவிக்கப்பட்டது. 2022-ல் காவிரி தெற்கு சரணாலயமும் சேர்ந்துகொண்டது. கர்நாடகாவின் பன்னேர்கட்டா காடுகளுக்கும் காவிரிக் கரைக் காடுகளுக்கும் இடையே யானைகள் காலங்காலமாக நடக்கும் வழி இது.

மழை ஓய்ந்து ராகிக் கதிர் முற்றும் மாதங்களில் ஜவளகிரி, தளி, தேன்கனிக்கோட்டை வட்டாரங்களுக்கு யானைக் கூட்டங்கள் வருவது வழக்கம். ஓசூரை ஒட்டிய சானமாவு காட்டில் முகாமிட்டு, பேரண்டப்பள்ளி அருகே தேசிய நெடுஞ்சாலையையே கடந்து போகும். அந்த நாள்களில் ராகிக் காவலுக்கு விவசாயிகள் இரவெல்லாம் கண்விழிக்கிறார்கள். சுற்றுலா வருகிறவருக்கு அது ஓர் இரவு அனுபவம். அங்கே வாழ்கிறவருக்கு ஒரு வருட உழைப்பு.

யானை வழியில் ரிசார்ட் கட்டினால் என்ன ஆகும் என்பதற்கு நீலகிரியில் பாடம் இருக்கிறது. சீகூர் பீடபூமியின் யானை வழித்தடத்தை உறுதிசெய்த சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பை, 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் ஏற்றது. அடுத்த சில மாதங்களிலேயே, 2021 ஜனவரியில், மசினகுடியில் அனுமதியின்றி இயங்கிய தங்கும் விடுதி ஒன்றின் அருகே வந்த யானை மீது தீப்பற்றிய டயர் வீசப்பட்டது. காயங்களோடு திரிந்த அந்த யானை இறந்துபோனது. அதே மாதம் கேரளாவின் மேப்பாடியில், டென்ட்டில் தங்க வந்திருந்த இளம்பெண் ஒருவரைக் காட்டு யானை தாக்கிக் கொன்றது. ஓர் இடத்தில் யானை, இன்னோர் இடத்தில் மனிதர். இரண்டு இடத்திலும் தவறு தொடங்கியது, தங்கும் இடம் அமைந்த இடத்தில்தான்.

வேலியையும் கவனியுங்கள். 2023 மார்ச்சில், பக்கத்து தர்மபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே சட்டவிரோத மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் இறந்தன. இரண்டு குட்டிகள் மட்டும் தப்பின. காட்டை ஒட்டிய பகுதிகளில் மின்வேலி அமைப்பதற்குப் பதிவும் அனுமதியும் வேண்டும் என்று அதே ஆண்டு தமிழக அரசு விதிகளைக் கொண்டுவந்தது. நீங்கள் தங்கப்போகும் இடத்தில் மின்வேலி இருந்தால், அது அனுமதி பெற்ற சோலார் வேலியா என்று கேட்பதில் தவறே இல்லை. அங்கே ஓடி விளையாடப்போவது உங்கள் குழந்தையும்தான்.

'நைட் சஃபாரி கூட்டிப்போறோம்', 'காட்டுக்குள்ள கேம்ப் ஃபயர் போடலாம்' என்று யாராவது சொன்னால் அந்த புக்கிங்கை அங்கேயே விட்டுவிடுங்கள். வனத்துறை அனுமதியின்றிக் காப்புக்காட்டுக்குள்ளோ சரணாலயத்துக்குள்ளோ போவது குற்றம். காடு பார்க்க முறையான வழி இருக்கிறது. 2024 அக்டோபரில் 40 பாதைகளோடு தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பாதைகளும் உண்டு. தேன்கனிக்கோட்டை அருகே அய்யூரில் வனத்துறையின் சூழல் சுற்றுலா பூங்காவும் இருக்கிறது. நேரம், அனுமதி விவரங்களை ஓசூர் வனக்கோட்ட அலுவலகத்தில் கேட்டுவிட்டுக் கிளம்பலாம்.

மேலேயிருந்து ஒருமுறை பாருங்கள்

புக் செய்வதற்கு முன் கூகுள் மேப்பில் அந்த இடத்தின் சாட்டிலைட் படத்தைத் திறந்து பாருங்கள். ஐந்து நிமிட வேலைதான். கிருஷ்ணகிரி மாவட்டம் கிரானைட்டுக்குப் பெயர்போனது. பச்சை நிறத்துக்குப் பக்கத்திலேயே சதுரம் சதுரமாக வெட்டிய வெள்ளைப் பள்ளம் தெரிந்தால், அது குவாரியாக இருக்கலாம். இயங்கும் குவாரி என்றால் பறவைச் சத்தத்தோடு டிப்பர் லாரிச் சத்தமும் சேர்ந்துதான் கேட்கும்.

'ரிவர் வியூ' என்றாலும் ஒரு கேள்வி கேட்க வேண்டும். கர்நாடகாவின் நந்தி மலைப் பகுதியில் பிறக்கும் தென்பெண்ணை, பெங்களூரு பக்கத்துக் கழிவுகளையும் சுமந்துகொண்டுதான் ஓசூருக்கு வருகிறது. கெலவரப்பள்ளி அணையிலிருந்து தண்ணீர் திறக்கும்போது ஆறு முழுக்க வெண்ணுரை மிதந்த காட்சிகளைச் செய்திகளில் பலமுறை பார்த்திருப்பீர்கள். ஆற்றோரம் தங்குவதாக இருந்தால், அந்த வாரம் எடுத்த போட்டோவை அனுப்பச் சொல்லுங்கள். குழந்தைகளை ஆற்றில் இறக்குவதற்கு முன் ஊர்க்காரர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

'பூட்டிக்' என்பது பட்டம் அல்ல

குறைந்த அறைகள், தனித்தன்மையான வடிவமைப்பு, வருகிறவர்களை நேரில் கவனிக்கும் உரிமையாளர். இவை இருந்தால் அது பூட்டிக் ஸ்டே. ஆனால், சுற்றுலா அமைச்சகம் தரும் நட்சத்திரத் தகுதி போன்றது அல்ல இந்தப் பெயர். யார் வேண்டுமானாலும் போர்டில் எழுதிக்கொள்ளலாம். பெயரை விட்டுவிட்டு விஷயத்தைப் பாருங்கள். உள்ளூர்க் கல்லும் ஓடும் கொண்டு கட்டியிருக்கிறார்களா? பக்கத்து ஊர்க்காரர்களுக்கு வேலை தந்திருக்கிறார்களா? ராகிக் களியும் கீரைக் குழம்பும் கிடைக்குமா, அல்லது ஃப்ரைடு ரைஸும் கோபி மஞ்சூரியனும் மட்டும்தானா? தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து புழங்கும் இந்த மண்ணின் ருசி அந்தத் தட்டில் இல்லையென்றால், அது எந்த ஊரிலும் இருக்கக்கூடிய ஒரு ஹோட்டல்தான்.

அனுமதிகளையும் கேட்கலாம். ஹோம் ஸ்டேக்கள், கேம்ப் நடத்துகிறவர்கள் ஆகியோரைத் தமிழக சுற்றுலாத் துறை பதிவு செய்கிறது. சாப்பாடு விற்பவர்களுக்கு 14 இலக்க உணவுப் பாதுகாப்பு எண் இருக்க வேண்டும். முறையாக நடத்துகிறவர்கள் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார்கள்.

பணம் கட்டும் முன்

2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரை வாடகை உள்ள அறைகளுக்கு ஜி.எஸ்.டி 12 சதவிகிதத்திலிருந்து 5 சதவிகிதமாகக் குறைந்திருக்கிறது. அதற்கு மேல் என்றால் 18 சதவிகிதம். ஜி.எஸ்.டி வசூலித்தால் பில்லில் அந்த நிறுவனத்தின் ஜி.எஸ்.டி எண் இருக்க வேண்டும். எண் இல்லாமல் வரி மட்டும் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை.

போட்டோவை மட்டும் அனுப்பி, முழுத் தொகையையும் யு.பி.ஐ-யில் கேட்கும் 'ஆஃபர்'களில் உஷாராக இருங்கள். முதலில் வீடியோ காலில் இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் கிரைம் எண்ணுக்கு அழையுங்கள்.

இன்னொரு விஷயம். ஷிஃப்ட்டில் வேலை பார்ப்பவர்களுக்கு வார விடுமுறை ஞாயிற்றுக்கிழமைதான் வரும் என்பதில்லை. செவ்வாயோ புதனோ கிடைத்தால் அதையே பயன்படுத்திக்கொள்ளுங்கள். நெடுஞ்சாலையில் நெரிசல் குறைவாக இருக்கும், வாடகையிலும் பேரம் பேச இடமிருக்கும்.

போனில் கேட்க ஏழு கேள்விகள்

1. காப்புக்காடு எவ்வளவு தூரம்? கடைசியாக எப்போது யானை வந்தது?
2. இரவில் பணியாளர் யாராவது அங்கேயே தங்குவார்களா?
3. நீச்சல் குளத்துக்குத் தடுப்பு உண்டா? ஆழம் எவ்வளவு? பக்கத்தில் ஆள் இருப்பாரா?
4. கரன்ட் போனால் ஜெனரேட்டரோ இன்வெர்ட்டரோ உண்டா? செல்போன் சிக்னல் கிடைக்குமா?
5. பக்கத்து அரசு மருத்துவமனை எங்கே? 108 ஆம்புலன்ஸ் வாசல் வரை வர முடியுமா?
6. முழங்கால் வலி உள்ளவர்களுக்குக் கீழ்த்தள அறையும் வெஸ்டர்ன் டாய்லெட்டும் கிடைக்குமா?
7. இரவு 10 மணிக்கு மேல் ஸ்பீக்கர் சத்தம் இருக்குமா? (இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்கு விதிப்படி தடை உண்டு.)

இந்த ஏழில் முதல் கேள்விக்கு வரும் பதிலை மட்டும் நன்றாகக் கவனியுங்கள். தேன்கனிக்கோட்டை பக்கத்தில் இடம் வைத்துக்கொண்டு, "யானையெல்லாம் வராது சார், தைரியமா வாங்க" என்று ஒருவர் சொல்லலாம். "சீசன்ல வரும் மேடம். அதனால ஆறு மணிக்கு மேல யாரையும் கேட் தாண்ட விட மாட்டோம், மிச்ச சாப்பாட்டையும் வெளியே கொட்ட மாட்டோம்" என்று இன்னொருவர் சொல்லலாம். அட்வான்ஸை இரண்டாவது ஆளுக்கு அனுப்புங்கள்.