கோலுக்குக் கைதட்டினார்கள், உண்மைக்குக் கதவடைத்தார்கள்!

1980-ம் ஆண்டு, பிப்ரவரி மாதம். இங்கிலாந்தில் நார்விச் நகரில் கால்பந்துப் போட்டி. எதிர்த்து ஆடுவது பலம் பொருந்திய லிவர்பூல் அணி. தம்மிடம் வந்த பந்தைக் காலால் மெல்லத் தூக்கிவிட்டார், ஒரு கறுப்பு இளைஞர். சட்டென்று திரும்பி இடது காலால் ஓங்கி உதைத்தார். பந்து வலைக்குள் பாய்ந்தது!

அன்று நார்விச் 3-5 என்று தோற்றது. ஆனாலும், அந்தப் பருவத்தின் மிகச் சிறந்த கோல் அதுவே என்று பி.பி.சி. தேர்ந்தெடுத்தது. அந்த இளைஞர்தான் ஜஸ்டின் பஷானு. அப்போது அவருக்கு வயது 18.

பத்து லட்சம் பவுன்!

1981-ல் நாட்டிங்காம் பாரஸ்ட் கழகம் 10 லட்சம் பவுன் கொடுத்து அவரை வாங்கியது. அவ்வளவு விலை பெற்ற முதல் கறுப்பு ஆட்டக்காரர் அவரே.

ஆனால், அங்கே கோல்கள் வரவில்லை. வேறொரு சங்கதியும் மானேஜர் பிரையன் கிளஃப் காதுக்கு எட்டியது. பஷானுவின் நாட்டம் பெண்கள் மீது அல்ல, ஆண்கள் மீது என்பதே அது. குழுவோடு பயிற்சி செய்யக்கூட அவருக்குத் தடை விழுந்தது. மறு ஆண்டே வெறும் 1½ லட்சம் பவுனுக்கு வேறு கழகத்துக்குக் கைமாறினார்.

உடன்பிறப்பும் கைவிட்டது

1990-ல் பத்திரிகை வாயிலாகத் தாமே உண்மையை உலகுக்கு அறிவித்தார். ஆடிக்கொண்டிருக்கும்போதே அப்படிச் சொன்ன தொழில்முறைக் கால்பந்து வீரர், அவருக்கு முன் இங்கிலாந்தில் எவருமில்லை.

பலன் என்ன? ஏச்சும் பேச்சும்தான்! இளவயதில் வளர்ப்புப் பெற்றோர் வீட்டில் அவரோடு ஒன்றாக வளர்ந்த தம்பி ஜானும் பெயர்பெற்ற ஆட்டக்காரர். அவரே அண்ணனைப் பகிரங்கமாக ஒதுக்கினார். பிற்காலத்தில் அதற்காக வருந்தினார்.

1998-ல் அமெரிக்காவில் 17 வயது இளைஞர் ஒருவர் பஷானு மீது பாலியல் புகார் கொடுத்தார். பஷானு அதை மறுத்தார். அது கோர்ட்டு ஏறுமுன்பே, அவ்வாண்டு மே மாதம் லண்டனில் தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார். வயது 37.

32 ஆண்டு மௌனம்

அதன் பிறகு யார் வாய் திறப்பார்? பிரிட்டனில் ஆடிவரும் இன்னொரு தொழில்முறை ஆண் கால்பந்து வீரர் இதைச் சொல்ல 2022 மே மாதம் வரை ஆயிற்று. பிளாக்பூல் கழகத்தின் ஜேக் டேனியல்ஸ் அவர், வயது 17. இம்முறை கழகம் அவர் பக்கம் நின்றது. இதை ஏன் முன்பே எங்களிடம் சொல்லவில்லை என்றுதான் தோழர்கள் கேட்டார்களாம்.

இருவர் சொன்னதும் ஒரே உண்மைதான். கேட்டவர்கள்தான் வேறு!

தாயிடமும் சகோதரியிடமும் மனத்தைத் திறந்த மறுநாள் டேனியல்ஸ் ஓர் ஆட்டம் ஆடினார். அதில் அவர் போட்ட கோல்கள் எத்தனை தெரியுமா? நான்கு! பாரம் இறங்கிய கால்கள் அல்லவா?