மாடியில் ஊற்றும் வாளித் தண்ணீர்

சித்திரை மாதத்துப் பிற்பகலொன்றில் சென்னையை அடுத்த அண்ணனூர் ரயில் நிலையத்தில் இறங்கி, அருகிலுள்ள அடுக்குமாடிக் கட்டடத்தின் மொட்டை மாடியில் ஏறுகிறவர், வெறுங்காலைத் தளத்தில் ஊன்ற இயலாமல் தவிப்பார். அந்தத் தளத்துக்கு நேர் கீழே குடியிருக்கும் இல்லத்தரசியோ, பொழுது சாய்ந்ததும் வாளி வாளியாக நீர் சுமந்து வந்து அதன்மேல் ஊற்றிப் பிள்ளைகளின் உறக்கத்துக்கு வழி தேடுவார். பகலெல்லாம் சூரிய உஷ்ணத்தை உட்கொண்ட கான்கிரீட், இரவில் அதை அறைக்குள்ளே உமிழ்வதால் நேரும் அவஸ்தை இது. வீட்டின் விலை சாவி வாங்கும் நாளோடு தீர்ந்துவிடுவதன்று. மின்கட்டணமாகவும் தண்ணீர் லாரிக்குத் தரும் பணமாகவும் அது மாதந்தோறும் தொடர்கிறது.

இச்செலவைக் குறைக்கும் உபாயம் பெரும்பாலும் வரைபடத்திலேயே அடங்கியிருக்கிறது. பூமத்திய ரேகைக்கு வடக்கே 13 பாகையில் அமைந்த நம் பிரதேசத்தில் கோடைச் சூரியன் நண்பகலில் உச்சிக்கு அருகே நிற்பதால், தெற்குச் சுவரைக் காக்க ஒரு சன்ஷேடு போதும். காலையிலும் மாலையிலும் தாழ்ந்து வரும் கிரணங்களோ கிழக்கு, மேற்குச் சுவர்களை நேராகத் தாக்குகின்றன. ஆதலின், கட்டடத்தின் நீண்ட பக்கங்கள் வடக்கும் தெற்கும் நோக்கி நிற்பதும், மாடிப்படியும் குளியலறையும் மேற்கு வெயிலுக்குக் காவலாக அமைவதும், ஒவ்வொரு வீட்டிலும் எதிரெதிர்ச் சுவர்களில் ஜன்னல் வைத்துக் காற்று நுழைந்து வெளியேற வழி செய்வதும், ஒரு மூட்டை சிமெண்டும் அதிகமாகக் கேளாத சிக்கனங்களாகும்.

தளத்துக்கு நம் கொத்தனார்கள் முன்னமே வழி கண்டிருந்தார்கள்: செங்கல் ஜல்லியையும் சுண்ணாம்பையும் கலந்து பரப்பி, அடித்துக் கெட்டித்து, மேலே தட்டோடு பதித்தார்கள். இன்று அதன்மேல் வெள்ளை ஓடு பதித்தால் வெயிலின் பெரும்பகுதி வந்த வழியே திரும்பும். சுவருக்கு அனல்மின் நிலையச் சாம்பலில் வார்த்த கல் உண்டு. அதற்குச் சூளையும் விறகும் வேண்டா. ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை பெறும் சென்னையில், 100 சதுர மீட்டர் மாடியில் விழும் நீர் 1,40,000 லிட்டர். 2003 முதல் தமிழகமெங்கும் கட்டாயமான மழைநீர் சேகரிப்பு, பெயருக்கு ஒரு குழாயாக நின்றுவிடாமல் இருந்தால், அந்நீர் கிணற்றுக்குச் சேரும்.

விரைந்து கட்டுவதற்கும் வழி உண்டு: சென்னைப் பெரும்பாக்கத்தில் 2021 ஜனவரி 1-ஆம் தேதி அடிக்கல் நாட்டப்பட்டு, சுவர்களையும் தளங்களையும் முன்கூட்டியே வார்த்துப் பொருத்தும் முறையால் 2022 மே மாதத்தில் 1,152 வீடுகள் திறக்கப்பட்டன. வேகம் பெரும் பேறுதான்; எனினும் பிழைப்புக்குப் போய்வரும் தூரமும் வாடகையைப் போன்றதே. 1856-இல் ஓடத் தொடங்கிய ராயபுரம்–வாலாஜா ரோடு இருப்புப்பாதை அண்ணனூர் வழியே செல்கிறது; அம்பத்தூர் தொழிற்பேட்டையும் அண்மையில் இருக்கிறது. எளியோர் குடியிருப்புக்கு உரிய இடங்கள் இத்தகையவையே.

வரைபடத்தின் மூலையில் வடக்கைக் காட்டும் அம்புக்குறியை முதலில் இட்டு, அதன் பிறகே சுவரை வரையும் நிபுணர்கள் பெருகினால், அந்த இல்லத்தரசி சுமக்கும் வாளிக்கு ஓய்வு கிட்டும்.