கொழுத்த சினை ஆடும் பசியால் சாயும்!

ஈனுவதற்கு இரண்டு, மூன்று வாரங்களே இருக்கும். மந்தையிலேயே வாளிப்பான செம்மறி ஆடு திடீரென மேய்ச்சலில் பின்தங்கும். தீவனத்தை முகர்ந்துவிட்டு ஒதுங்கி நிற்கும். அடுத்த சில நாட்களில் படுத்துவிடும். விஷச்செடி, பாம்புக்கடி என்று காரணம் தேடுவார்கள். ஆனால், பல நேரங்களில் காரணம் தீனிப் பற்றாக்குறைதான். இதை ‘சினைக்கால நச்சுநோய்’ என்பார்கள்.

குட்டிக்கு இயல்பு... தாய்க்கு ஆபத்து!

பால் குடிக்கும் குட்டியின் ரத்தத்தில் கொழுப்பு கூடுதலாக இருப்பது இயல்பு. அது பாலிலிருந்து வருகிறது. குட்டி மேயத் தொடங்கி, அசைபோடும் இரைப்பை வளர்ந்ததும் நிலைமை மாறும். புல், தழையில் கொழுப்பு குறைவு. அதனால் வளர்ந்த ஆட்டின் ரத்தத்திலும் குறைவு. நிறைசினையில் அது ஏறினால், உடம்பில் சேர்ந்த கொழுப்பு கரைகிறது என்று அர்த்தம்.

கடைசி ஆறு வாரம் கவனம்!

செம்மறியின் சினைக்காலம் சுமார் 150 நாட்கள். குட்டியின் வளர்ச்சியில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கடைசி ஆறு வாரங்களில்தான் நடக்கிறது. அதற்குக் குளுக்கோஸ் வேண்டும். இரட்டைக் குட்டி என்றால் தேவை இன்னும் அதிகம். ஆனால், பெருத்த கருப்பை இரைப்பையை நெருக்குவதால் ஆட்டால் நிறைய தின்ன முடியாது. உடம்புக் கொழுப்பு கரைந்து கல்லீரலுக்குப் போகும். அதை வெளியேற்றும் திறன் ஆட்டின் கல்லீரலுக்குக் குறைவு. எனவே அங்கேயே கொழுப்பு படியும். ‘கீட்டோன்’ எனும் கழிவுகள் ரத்தத்தில் பெருகும். கொழுத்த ஆடு, மெலிந்த ஆடு இரண்டுக்கும் இந்த ஆபத்து உண்டு.

அறிகுறிகள்

சோர்வு, பல் நறநறப்பு, பார்வை மங்குதல், சுவரில் தலையை முட்டி நிற்பது, மூச்சில் இனிப்பு கலந்த வாடை.

தடுக்கும் வழி

கடைசி ஆறு வாரங்களில் பசுந்தழையோடு, ஒரு ஆட்டுக்குத் தினமும் 200 முதல் 250 கிராம் அடர்தீவனம் கொடுக்க வேண்டும். 50 கிராமில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுவது நல்லது. ஒரேயடியாகத் தானியத்தைக் கொட்டினால் வயிற்றில் அமிலம் ஏறிவிடும். மழை, நீண்ட தூர நடை, வண்டிப் பயணம் என எதற்காகவும் நிறைசினை ஆட்டைப் பட்டினி போடக் கூடாது. சினையான பிறகு ‘கொழுத்திருக்கிறதே’ என்று தீனியைக் குறைப்பதும் தவறு.

தீனி எடுக்காத முதல் நாளே கால்நடை மருத்துவரிடம் காட்டினால் பிழைக்க வாய்ப்பு அதிகம். படுத்த பிறகு காப்பாற்றுவது கடினம். தமிழகத்தில் 1962 என்ற எண்ணில் கால்நடை ஆம்புலன்ஸை அழைக்கலாம்.