பென்ஷன் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன்

காலை எட்டு மணிக்கு வேடந்தாங்கல் பக்கமிருந்து படாளம் கூட்டுரோட்டை நோக்கி வரும் பள்ளி வேன்களில் பிள்ளைகளோடு டீச்சர்களும் உட்கார்ந்திருப்பார்கள். மதுராந்தகம், கருங்குழி, அச்சிறுப்பாக்கம், செங்கல்பட்டு என்று ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டியிருக்கும் மெட்ரிக் பள்ளிகளும் சி.பி.எஸ்.இ. பள்ளிகளும் இவர்களை நம்பித்தான் நடக்கின்றன. அரசுப் பள்ளி ஆசிரியரின் பென்ஷனைப் பற்றித் தமிழ்நாட்டில் பேசாத தேர்தல் கிடையாது. தனியார் பள்ளி ஆசிரியருக்கும் ஒரு பென்ஷன் உண்டு என்பது பலருக்கும், சில சமயம் அந்த ஆசிரியருக்குமே, 50 வயதைத் தாண்டிய பிறகுதான் தெரியவருகிறது. தெரிந்தவுடன் வரும் கேள்வியும் ஒன்றுதான்: 58 வரை காத்திருக்க வேண்டுமா, இப்போதே வாங்கிக்கொள்ளலாமா? வாங்கிக்கொள்ளலாம் என்கிறது விதி. வருடத்துக்கு நான்கு சதவீதம் குறையும், அவ்வளவுதான் என்கிறார்கள் விவரம் தெரிந்தவர்கள். அந்த ‘அவ்வளவுதான்’ சரியில்லை என்பது என் வாதம். நான்கு சதவீதம் பெரிய வெட்டு என்பதற்காக இதைச் சொல்லவில்லை. உண்மையான இழப்பு வேறு இடத்தில் இருக்கிறது. இந்த நான்கு சதவீதம் அதைக் கண்ணில் படாமல் மறைத்துவிடுகிறது.

முதலில் திட்டத்தைப் பார்ப்போம். இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் பள்ளி, அதாவது டீச்சரோடு ஆயாவையும் வேன் டிரைவரையும் சேர்த்து இருபது பேர், வருங்கால வைப்பு நிதிச் சட்டத்துக்குள் வருகிறது. கல்வி நிலையங்கள் 1982-லேயே இதற்குள் கொண்டுவரப்பட்டுவிட்டன. சம்பளத்தில் பிடிக்கும் 12 சதவீதம் முழுவதும் பி.எஃப். கணக்குக்குப் போகும். நிர்வாகம் போடும் 12 சதவீதம் இரண்டாகப் பிரியும்: 8.33 சதவீதம் 1995-ம் ஆண்டின் ஊழியர் ஓய்வூதியத் திட்டத்துக்கு, மிச்சம் பி.எஃப். கணக்குக்கு. பென்ஷனுக்குக் கணக்கில் கொள்ளும் சம்பளத்துக்கு 2014 செப்டம்பர் முதல் 15,000 ரூபாய் உச்சவரம்பு. அதற்கு முன் 6,500. கடைசி அறுபது மாதச் சராசரிச் சம்பளத்தைப் பணி ஆண்டுகளால் பெருக்கி எழுபதால் வகுத்தால் மாத பென்ஷன் வந்துவிடும். பத்து ஆண்டுப் பணி இருக்க வேண்டும், வயது 58 ஆக வேண்டும். 50 வயதுக்கு மேல் வேலையை விட்டவர் விரும்பினால் முன்னதாகவே கேட்கலாம். 58-க்குக் குறையும் ஒவ்வொரு ஆண்டுக்கும் நான்கு சதவீதம் கழியும். கழிந்தது கழிந்ததுதான். 58 வந்ததும் பழைய தொகைக்குத் திரும்பும் என்று நினைப்பவர்கள் உண்டு. திரும்பாது.

18 ஆண்டு பணி செய்த, 53 வயதுள்ள ஒரு டீச்சரை எடுத்துக்கொள்வோம். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று எல்லா ஆண்டுக்கும் 15,000 ரூபாய் என்றே வைத்துக்கொள்ளலாம். 2014-க்கு முந்தைய ஆண்டுகளுக்குப் பழைய உச்சவரம்புதான் என்பதால் நிஜத்தில் தொகை இதைவிடக் குறையும். பதினெட்டைப் பதினைந்தாயிரத்தால் பெருக்கி எழுபதால் வகுத்தால் 3,857 ரூபாய். ஐந்து ஆண்டு முன்கூட்டி வாங்குவதால் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு போய், கையில் வருவது சுமார் 3,100. இழப்பு 750 ரூபாய் என்றுதான் எல்லோரும் கணக்குப் போடுகிறார்கள். ஆனால் இதே டீச்சர் 58 வரை வகுப்பெடுத்திருந்தால் பணி 23 ஆண்டு ஆகியிருக்கும். இருபது ஆண்டோ அதற்கு மேலோ பணி செய்து 58-ல் ஓய்வு பெறுபவருக்குத் திட்டம் இரண்டு ஆண்டை இனாமாகச் சேர்த்துக் கொடுக்கிறது. ஆக 25 ஆண்டு. பென்ஷன் 5,357 ரூபாய். அப்படியானால் மாத இழப்பு 750 இல்லை, சுமார் 2,250. இதில் நான்கு சதவீத வெட்டின் பங்கு மூன்றில் ஒன்று மட்டுமே. மற்ற இரண்டு பங்கு, அதாவது 1,500 ரூபாய், சேராமல் போன ஐந்து ஆண்டுகளும் கிடைக்காமல் போன இரண்டு இனாம் ஆண்டுகளும் சேர்ந்தது. பென்ஷனுக்கு விண்ணப்பிக்கும் படிவம் 10டி-யில் இந்த 1,500 ரூபாயைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. பென்ஷன் வாங்கத் தொடங்கியவர் பிறகு வேறு பள்ளியில் சேர்ந்தாலும் அந்தப் புதிய ஆண்டுகள் பென்ஷன் கணக்கில் ஏறாது; திட்டத்தில் அவருடைய உறுப்பினர் நிலை முடிந்துவிடுகிறது.

இங்கே நேர்மையாக ஒன்றை ஒப்புக்கொண்டாக வேண்டும். வேலையை விட்டாயிற்று, இனி எந்தப் பள்ளிக்கும் போவதில்லை என்று முடிவான ஒருவருக்கு முன்கூட்டிய பென்ஷன் ஏமாற்று வேலை இல்லை. அவர் 58 வரை சும்மா காத்திருந்தால் 3,857 கிடைக்கும். இப்போதே தொடங்கினால் 3,100. ஐந்து ஆண்டில் அவர் கையில் ஏற்கெனவே 1,86,000 ரூபாய் சேர்ந்திருக்கும். மாதம் 750 வித்தியாசத்தில் அந்தத் தொகையைக் காத்திருந்தவர் எட்டிப் பிடிக்க இருபது ஆண்டுக்கு மேல் ஆகும். வயது 79-ஐ நெருங்கிவிடும். போதாததற்கு இந்த பென்ஷனுக்குப் பஞ்சப்படி கிடையாது. விலைவாசி ஏறினாலும் தொகை ஏறாது என்னும்போது, இன்றைய நூறு ரூபாய்க்குத்தான் மதிப்பு அதிகம். இங்கிலாந்தில் ஆசிரியர்கள் 55 வயதிலிருந்து குறைக்கப்பட்ட பென்ஷன் எடுக்கலாம். அங்கே பென்ஷன் விலைவாசியோடு சேர்ந்து ஏறுவதால், வெட்டுப்பட்ட பங்கும் ஆண்டுக்காண்டு பெரிதாகிக்கொண்டே போகிறது. அங்கே ‘அவசரப்படாதே’ என்று சொல்வதில் இருக்கும் அர்த்தம், அப்படியே வேடந்தாங்கல் டீச்சருக்குப் பொருந்தாது. ஆனால் அவர் தொடர்ந்து வேலை செய்யக்கூடியவர் என்றால் கணக்கு தலைகீழாகிறது. 58 வரை வேலை பார்த்தவருக்கும் 53-ல் வாங்கியவருக்கும் மாத வித்தியாசம் 2,250. அந்த 1,86,000-ஐ ஏழு ஆண்டுக்குள், 65 வயதிலேயே, வேலை பார்த்தவர் தாண்டிவிடுவார். அதற்குப் பிறகு ஆயுள் முழுக்க ஆதாயம். நடுவில் ஐந்து வருடச் சம்பளம் வேறு. 79-க்கும் 65-க்கும் இடையிலிருக்கும் தூரம்தான் இந்தக் கட்டுரை. எனவே ‘பென்ஷனை இப்போது எடுக்கலாமா’ என்று கேட்பதற்கு முன் ‘இன்னும் வேலை செய்ய முடியுமா’ என்று கேட்க வேண்டும்.

வேலை செய்ய விட்டால்தானே என்பார்கள். நியாயமான பதில். இருபது வருட அனுபவமுள்ள டீச்சரின் சம்பளத்தில் பி.எட். முடித்த இரண்டு புதியவர்களை வைத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போடும் தாளாளர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் பள்ளியை விட்டுப் போவதும் பென்ஷனைத் தொடங்குவதும் இரண்டு தனித்தனி முடிவுகள். ஒரே வாரத்தில் இரண்டையும் செய்தாக வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. பி.எஃப். உறுப்பினருக்கான நிரந்தரக் கணக்கு எண்ணான யு.ஏ.என். ஒன்றாக இருக்கும்வரை, ஆறு மாதம் கழித்து மேல்மருவத்தூரிலோ சிங்கப்பெருமாள் கோவிலிலோ வேறு பள்ளி கிடைத்தால் பழைய ஆண்டுகளோடு புதியவை சேர்ந்துகொள்ளும். 10டி-யில் கையெழுத்துப் போட்டவருக்கு இந்த வழி அடைபட்டுவிடுகிறது. ஒரு வருடமாவது தேடிப் பார்த்துவிட்டு அந்தப் படிவத்தை எடுக்கலாம். அந்த ஒரு வருடத்தில் வெட்டும் நான்கு சதவீதம் குறையும்.

அடுத்த வாதம் கல்யாணம், வீட்டுக்கடன், ஆஸ்பத்திரிச் செலவு. மொத்தமாகப் பணம் வேண்டும் என்பதற்காகப் பென்ஷனை முன்கூட்டி எடுப்பதாகச் சொல்பவர்கள் இரண்டு கணக்குகளைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். மாதம் 3,100 ரூபாயில் எந்தக் கல்யாணமும் நடக்காது. அதற்கான பணம் பி.எஃப். கணக்கில் இருக்கிறது, 2024-25-ல் அதற்கு 8.25 சதவீத வட்டி, தேவைப்பட்டால் முன்பணமும் எடுக்கலாம். பாஸ்புக்கில் பென்ஷன் பங்கு என்று தனிப் பத்தியில் மாதம் 1,250 ரூபாய் ஏறிக்கொண்டே போகும். அதற்கு வட்டியும் இல்லை, அது உங்கள் பெயரில் சேமிப்பும் இல்லை. பொதுக் குளத்துக்குப் போகும் பணம் அது. அதிலிருந்து கிடைப்பது, வாழும் வரை மாதாமாதம் ஒரு தொகை என்ற உரிமை மட்டும்தான்.

அந்த உரிமையை ஐம்பதில் குறைந்த விலைக்குக் கொடுப்பவர்களைவிட, முப்பதிலேயே மொத்தமாகக் கொடுத்துவிடுபவர்கள் இந்தத் தொழிலில் அதிகம். அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பதால் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. கல்யாணம், பிரசவம், கணவருக்கு இடமாற்றம் என்று ஆறேழு ஆண்டில் ஒரு பள்ளியை விடும் இளம் டீச்சர், ‘பி.எஃப். பணத்தை எடுத்துவிடலாம்’ என்று போகிறார். பி.எஃப்.-க்கு ஒரு படிவம்; கூடவே 10சி என்று இன்னொன்று. பத்து ஆண்டு பணி ஆகாதவர்கள் பென்ஷன் பங்கையும் வாங்கிக்கொண்டு போகலாம் என்பது அந்தப் படிவம். பிரவுசிங் சென்டரில் இரண்டையும் சேர்த்தே பூர்த்தி செய்து கொடுத்துவிடுவார்கள். ஏழு ஆண்டு பணிக்கு, அட்டவணைப்படி, சுமார் ஏழரை மாதச் சம்பளம் கிடைக்கும். 15,000 என்றால் 1,13,000 அளவுக்கு. அந்த ஏழு ஆண்டு கணக்கில் நின்றிருந்தால், பிற்காலத்தில் வேறு பள்ளியில் சேர்ந்து பத்தைத் தாண்டியதும், அதன் பங்கு மட்டும் மாதம் 1,500 ரூபாய். வாங்கிய தொகை ஆறேகால் வருட பென்ஷனுக்குச் சமம். அதே 10சி-யில் பணத்துக்குப் பதிலாகத் திட்டச் சான்றிதழ் என்று கேட்டு வாங்கும் வழியும் இருக்கிறது. ஆண்டுகள் பத்திரமாக இருக்கும். அந்தப் பணத்தை முப்பது வருடம் நல்ல வட்டியில் போட்டு வைத்தால் அதுவே மேல் அல்லவா என்று கேட்கலாம். போட்டு வைத்தால் மேல்தான். அது நகைச்சீட்டிலும் பிரசவச் செலவிலும் கரையாமல் முப்பது வருடம் இருக்கும் என்று யாராவது உறுதி சொன்னால் நானும் ஒத்துக்கொள்கிறேன். 2025 அக்டோபரில் பி.எஃப். நிறுவனத்தின் மத்திய அறங்காவலர் குழு, வேலையை விட்டபின் பென்ஷன் பங்கை எடுக்கக் காத்திருக்கும் காலத்தை இரண்டு மாதத்திலிருந்து முப்பத்தாறு மாதமாக நீட்ட முடிவு செய்தது. என் பணத்தை எனக்கே தர மறுக்கிறார்களா என்று கோபம் எழுந்தது. கோபம் புரிகிறது; ஆனால் ஒரு பள்ளியை விட்டு அடுத்த பள்ளியில் சேர மூன்று வருடம் எடுத்துக்கொள்ளும் டீச்சர்களுக்கு அந்த முடிவால் நன்மையே அதிகம்.

நாளைக்கு இருப்போமோ மாட்டோமோ, கிடைப்பதை இன்றே வாங்கு என்பது கடைசி வாதம், பலமானதும் அதுதான். தீராத நோயில் இருப்பவருக்கு அது சரியும்கூட. ஆனால் பென்ஷன் என்ற ஏற்பாடே சீக்கிரம் போய்விடுபவருக்காகச் செய்ததல்ல. சேமிப்பு தீர்ந்த பிறகும் உயிரோடிருக்கும் எண்பது வயதுக்காரருக்காகச் செய்தது. அவர் போன பிறகும் துணைக்குப் பாதி வரும். குறைத்து வாங்கியிருந்தால், அந்தக் குறைந்ததில் பாதி. கணவனோ மனைவியோ ஐந்தாறு வயது இளையவராக இருக்கும் வீட்டில் 53-ல் போட்ட கையெழுத்து முப்பது ஆண்டுக்கு மேல்கூடப் பேசும்.

‘இவ்வளவு சின்னத் தொகைக்கு ஏன் இத்தனை கணக்கு’ என்றும் கேட்பார்கள். தொகை சின்னதுதான். அது சின்னதாக இருப்பதற்கு வேறு காரணங்களும் உண்டு. 25,000 கொடுத்துவிட்டு அடிப்படைச் சம்பளம் 8,000, மற்றதெல்லாம் அலவன்ஸ் என்று பட்டியல் எழுதும் பள்ளிகள் இருக்கின்றன. எல்லோருக்கும் ஒரே மாதிரி கொடுக்கும் அலவன்ஸும் அடிப்படைச் சம்பளத்தோடு சேர்ந்ததே என்று 2019 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. அந்த வழக்குத் தொகுப்பின் முதல் வழக்கே மேற்கு வங்கத்தில் ஒரு பள்ளியுடையது. சம்பளப் பட்டியலில் அந்த ஒரு வரி மாறினால் பென்ஷன் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். அரசு ஆசிரியரின் நிலை வேறு: அரசுப் பள்ளியில் 2003 ஏப்ரலுக்கு முன் சேர்ந்தவர் விருப்ப ஓய்வில் போனால் ஆண்டுக்கு இத்தனை சதவீதம் என்ற வெட்டே கிடையாது. ஊதிய உயர்வு அந்த இடத்தில் நின்றுவிடும், ஆனால் கிடைக்கும் பென்ஷன் பஞ்சப்படியோடு ஏறிக்கொண்டிருக்கும். இரண்டு பென்ஷனுக்கும் ஒரே பெயர் என்பதால் பக்கத்து வீட்டு அரசு ஆசிரியரின் யோசனையைக் கேட்டு முடிவெடுப்பது தனியார் பள்ளி டீச்சருக்கு உதவாது.

58-க்குப் பிறகும் பள்ளி வைத்துக்கொள்ளுமானால், பென்ஷனை 60 வரை தள்ளிப்போடலாம் என்று 2016-ல் ஒரு விதி வந்தது. தள்ளிப்போடும் ஆண்டுக்கு நான்கு சதவீதம் கூடும். கழிக்கும்போதும் நான்கு, கூட்டும்போதும் நான்கு. முன்பு போட்ட அதே கணக்கு இங்கும் பொருந்துகிறது: சம்பளம் வந்துகொண்டிருக்கும்வரை தள்ளிப்போடலாம், சம்பளம் நின்றுவிட்டால் அன்றே வாங்கிவிடலாம். எதைச் செய்வதானாலும் அதற்கு முன் பாஸ்புக்கில் ஒவ்வொரு பள்ளியிலும் சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் ஏறியிருக்கிறதா, ஆதாரில் உள்ள பிறந்த தேதியும் பள்ளி கொடுத்த பிறந்த தேதியும் ஒன்றா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஆறு மாதமும் அதற்கு மேலும் முழு ஆண்டாகக் கணக்கிடப்படும் என்பதால், ஒன்பதரை ஆண்டு முடித்தவர் பத்து ஆண்டுக்காரர் ஆகிவிடுவார். விலகிய தேதியைப் பள்ளி மே மாதத்துக்குப் பதிலாக மார்ச் என்று போட்டிருந்தால் அவர் ஒன்பது ஆண்டுக்காரர்.