பதநீர்க் கலயமும் சுண்ணாம்பும்

முத்தையாபுரம் முதலிய கடலோரக் கிராமங்களில் பனை வைத்திருப்போர் மரத்தைக் கவனிக்குமளவு கலயத்தைக் கவனிப்பதில்லை. கருப்பட்டியின் குணமோ பெரும்பாலும் கலயத்திலேயே தீர்மானமாகின்றது.

பாளையில் வடியும் ரஸம், முந்திய நாட் கசடு தங்கிய கலயத்தில் விழுமாயின், அக்கசட்டிலுள்ள நுண்ணுயிர்கள் சில மணி நேரத்திற்குள் சர்க்கரையைச் சாராயச் சத்தாக மாற்றத் தொடங்கும். பீர் காய்ச்சுவோன் தன் பீப்பாயில் விரும்பி வளர்க்கும் புளிப்பையே நாம் கலயத்திலிருந்து விலக்க வேண்டியிருக்கின்றது. 1987 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் கள் இறக்குதல் தடுக்கப்பட்டிருப்பதால், இது ருசியைப் பற்றிய விஷயம் மாத்திரமன்று. சுண்ணாம்பில்லாக் கலயம் பனையேறியை வழக்கிலும் மாட்டிவிடக் கூடும். கிராம அதிகாரிகள் சிவப்பு லிட்மஸ் தாளொன்றைப் பதநீரில் நனைத்துப் பார்க்கலாம். சுண்ணாம்பு போதிய அளவு இருப்பின் தாள் நீலமாகும்.

கலயத்தைத் தினந்தோறும் வெந்நீரிற் கழுவி, வெயிலில் உலர்த்தி, உட்புறம் சுண்ணாம்புக் குழம்பைத் தடவுக. பயத்தினால் அளவுக்கு மிஞ்சிப் பூசுவோர் பலர். அதனால் கருப்பட்டியின் நிறமும் ருசியும் கெடும். பதநீரைத் தெளியவைத்து, அடி மண்டியை நீக்கி, துணியில் வடிகட்டிய பின்னரே அடுப்பேற்றுக.

அலுமினியப் பாத்திரம் இலேசானதாயினும் சுண்ணாம்பு அதனை அரித்துவிடும். பிளாஸ்டிக் குடத்தின் கீறல்களிற் கசடு ஒளிந்துகொள்ளும். மண் கலயத்தின் நுண்துளைகளிலும் அது தங்குமெனினும், மண்ணைத் தீயில் வாட்டிச் சுத்தி செய்யலாம்; பிளாஸ்டிக்கை அவ்வாறு செய்ய இயலாது. கொதிக்கையில் நுரை பொங்கினால், இடித்த ஆமணக்கு வித்துச் சிறிதளவு தூவினால் அடங்கும்.