தலைமையாசிரியரும் பலவகை அறிவும்

பரீட்சையில் முதன்மை பெற்றவர் பள்ளியை நடத்துவதிலும் முதன்மை பெறுவார் என்றெண்ணுவது நம்மிடைப் பெருவழக்கு. பாரிஸ் நகரத்துப் பினே என்பவர் 1905ஆம் ஆண்டில் சிறுவர் அறிவை அளக்கும் சோதனையொன்றை வகுத்தார். அறிவு ஒரே கோலால் அளக்கத்தக்கது என்னும் எண்ணம், அவர் கருத்து அஃதன்றாயினும், அதன்பின் எங்கும் பரவிற்று. அமெரிக்கரான ஹோவர்டு கார்ட்னர் 1983இல் இதனை மறுத்து, மொழி, கணக்கு, இசை முதலாகப் பிறருள்ளமறிதல், தன்னுள்ளமறிதல் ஈறாக அறிவை ஏழாக வகுத்தார். உளநூலார் பலர் இப்பகுப்பை ஏற்றிலர். நாமும் ஏழென்னும் எண்ணை வற்புறுத்தோம். பள்ளித் தலைமையை ஆராய்வதற்கு இஃது உதவுமென்பதே நம் கருத்து.

இங்கிலாந்திலுள்ள அப்பிங்காம் பள்ளியை 1853 முதல் 1887 வரை நடத்திய எட்வர்டு திரிங் என்பாரை நோக்குவோம். கேம்பிரிட்ஜிற் சிறந்து தேறியவர். எனினும், நூலறிவிற் பின்தங்கிய சிறுவனுக்கும் ஏதேனும் ஒன்று நன்கு வாய்த்திருக்கும் எனத் துணிந்து, தச்சுப்பட்டறையும் தேகப்பயிற்சிக்கூடமும் அமைத்தார். தமக்கு இசைஞானம் இல்லாதிருந்தும், வல்ல இசையாசிரியரை அழைத்து, அக்கலைக்குப் பள்ளியிற் பேரிடம் அளித்தார். தம்பால் இல்லாத அறிவைப் பிறர்பாற் கண்டு மதித்தலும் ஓர் அறிவன்றோ! கணக்கில் தவறிய சிறுவனைப் பட்டறையிற் சென்று காண நம் தலைமையாசிரியர் எத்துணைப் பேருக்குப் பொழுதிருக்கின்றது?

நிற்க. 1875இல் அவ்வூரிற் சாக்கடைக் கேட்டினால் விஷசுரம் பரவிச் சிறுவர் சிலர் மாண்டனர். அடுத்த ஆண்டும் நோய் தலைகாட்டவே, திரிங் ஏறக்குறைய 300 மாணாக்கரையும் ஆசிரியர்களையும் வேல்ஸ் நாட்டுக் கடற்கரையிலுள்ள போர்த் என்னும் சிற்றூருக்கு அழைத்தேகினார். ஆங்கிருந்த விடுதியொன்றே பள்ளியாயிற்று. படுக்கை, உணவு, வகுப்பறை யாவும் சின்னாட்களில் ஒழுங்குபெற வேண்டியிருந்தன. இலத்தீன் இலக்கணம் இதற்கு யாது செய்யும்? காரியத்திறனும், பெற்றோர் நம்பிக்கையைப் பெறும் ஆற்றலுமே துணைநின்றன. பெற்றோருட் பெரும்பாலோர் தம் மக்களை அவர்பின் அனுப்பினர். 1877ஆம் ஆண்டுத் தொடக்கத்திற் கடல் பொங்கிப் போர்த் ஊரைத் தாக்கியபோது, மாணாக்கரும் ஊராருடன் கூடி உழைத்தனர்.

ஆயினும் திரிங் முன்கோபி. சிறுவர் உள்ளத்தை அத்துணை நுட்பமாய் உணர்ந்தவர், சுகாதார அதிகாரிகளோடு நிகழ்த்திய வாதங்களிற் கடுமையையே கைக்கொண்டார். அவர்தம் மந்தம் பெரும்பிழையே. எனினும், சினம் அதனை விரைவுபடுத்தியதாக நமக்குத் தோன்றவில்லை. பள்ளி அகன்றதால் வாணிகம் குன்றியதே ஊராரை மிகுதியும் அசைத்ததென்னலாம். 1877ஆம் ஆண்டு மே மாதத்திற் பள்ளி மீண்டபோது, அவ்வூரார் அவரை மகிழ்ந்து வரவேற்றனர்.