குருதியும் சூழலும்: வெண்குழிய வளர்ச்சி பற்றி ஒரு விளக்கம்

மலையக இலக்கியத்திற் குருதி பெரும்பாலும் உருவகமாகவே வழங்கி வந்துள்ளது. தேயிலைச் சாயத்தின் சிவப்பு உழைப்போரின் குருதியே என்னும் கருத்து, பலராலும் கையாளப்பட்டு இன்று வாய்பாடாகிவிட்டது. ஆயின் அக்குருதியைப் பௌதிகப் பொருளாகக் கொண்டு ஆராயுமிடத்து, உருவகம் உணர்த்துவதினும் திட்டவட்டமான உண்மைகள் புலனாகின்றன. வாழ்க்கைச் சூழல் குருதிக் கலங்களின் தொகையையே மாற்றவல்லது. அது நிகழுமாற்றை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குருதிக் கலங்கள் யாவும் என்பு மச்சையிலுள்ள மூலக்கலங்களிலிருந்து தோன்றுவன. வெண்குழியங்களுள் ஒருவகையினதான இயோசினோபில் 1879இல் போல் ஏர்லிக் என்பாரால் விவரிக்கப்பட்டது. இயோசின் என்னும் செஞ்சாயத்தை ஏற்பதால் அது அப்பெயர் பெற்றது. நலமுள்ளோரின் வெண்குழியங்களுள் இது பொதுவாக நூற்றுக்கு 5க்கு மேற்படுவதில்லை. கொழுக்கிப்புழு, வட்டப்புழு என்பவற்றின் குடம்பிகள் உடலிழையங்களினூடே செல்லுங்கால் இத்தொகை பன்மடங்கு பெருகும்.

இப்பெருக்கத்துக்கான செய்தியைக் காவிச் செல்வது இன்டர்லூக்கின்-5 என்னும் வளர்ச்சிக் காரணியாகும். புழுவின் வரவால் தூண்டப்பட்ட சில நிணநீர்க் கலங்கள் இப்புரதத்தைச் சுரக்கின்றன. இதனை ஏற்கும் வாங்கி, கலமென்சவ்வை ஊடுருவி நிற்கும் இரு புரதச் சங்கிலிகளாலானது. ஒன்று இக்காரணியை மட்டுமே இனங்காண்பது. மற்றையது வேறு இரு வளர்ச்சிக் காரணிகளின் வாங்கிகளுக்கும் பொதுவானது. காரணி வாங்கியிற் பொருந்தியதும், மென்சவ்வின் உட்புறத்தே அதனோடு இணைந்துள்ள ஜாக்-2 என்னும் நொதியம் செயற்படத் தொடங்குகிறது. அது பொசுபேற்றுக் கூட்டத்தைச் சேர்ப்பதனால் ஸ்டாட்-5 என்னும் புரதம் உயிர்ப்புற்றுக் கருவினுட் சென்று, குறித்த பரம்பரையலகுகளை இயங்கச் செய்கிறது. இதனால் முன்னோடிக் கலங்கள் பெருகுகின்றன. முதிர்ந்த கலங்கள் மச்சையை விட்டுக் குருதியிற் சேர்கின்றன. அவற்றின் ஆயுளும் நீள்கிறது.

இங்கு ஒரு நுட்பம் மனங்கொள்ளத்தக்கது. இன்டர்லூக்கின்-5 இல்லாதவாறு உருவாக்கப்பட்ட சுண்டெலிகளிலும் சிறுதொகை இயோசினோபில்கள் தோன்றவே செய்கின்றன. புழுத் தொற்று ஏற்படினும் அவை பெருகுவதில்லை. கலம் எவ்வகையினதாதல் வேண்டும் என்பதை முதன்மையாக நிர்ணயிப்பவை காட்டா-1 போன்ற உட்புரதங்களாகும். எந்த அளவிற் பெருகுதல் வேண்டும் என்பதைப் புறத்திருந்து வரும் செய்தி நிர்ணயிக்கிறது. அகமும் புறமும் ஒன்றையொன்று சார்ந்தியங்கும் இயக்கவியற் தொடர்பு கலத்தினுள்ளேயே காணப்படுகிறது எனலாம்.

புறம் என்பது உடலோடு முடிவதன்று. புழு மண்ணிலிருந்து வருவது. நெருக்கமான லயன் அறைகளும், மலசலகூடமும் தூயநீரும் போதாமையும், வெறுங்காலோடு செய்யப்படும் வேலையும் அம்மண்ணை நோய்க்களமாக்கின. 1916இல் றொக்பெல்லர் நிறுவனம் மாத்தளைத் தோட்டங்களிற் கொழுக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியது. தொழிலாளரின் வேலைத்திறனை உயர்த்தும் மருந்தை வரவேற்ற தோட்டத்துரைமார், மலசலகூடங்களுக்கான செலவை ஏற்கத் தயங்கினர். மருந்துண்டவர் மீண்டும் தொற்றுக்காளாயினர். நுவரெலியா, ஹற்றன் போன்ற குளிர்ந்த உயர்நிலங்கள் கொழுக்கிப்புழுவுக்கு அத்துணை உகந்தவையல்ல. அங்கு வட்டப்புழுவே மிகுதி. 1994இல் அரசு பெருந்தோட்டங்களில் தொடங்கிய புழுமருந்துத் திட்டம் 2005இல் தடைப்பட்டது. 2009இல் ஆராயப்பட்ட தோட்டப் பாடசாலைப் பிள்ளைகளுள் நான்கில் ஒரு பங்குக்கு மேற்பட்டோரிடம் மீண்டும் புழுத் தொற்றுக் காணப்பட்டது.

குருதிப் பரிசோதனைத் தாளிற் பதிவாகும் ஓர் உயர்ந்த எண், ஒவ்வாமை முதலிய பிற காரணங்களாலும் நேரக்கூடும். ஆயின் ஒரு சமூகப் பிரிவினரிடையே தலைமுறை தலைமுறையாக அவ்வெண் உயர்ந்திருக்குமாயின், வாங்கியையும் நொதியத்தையும் மட்டும் ஆராய்ந்து அதன் மூலத்தைக் காணவியலாது. மருந்து புழுவை அகற்றும். குருதியும் சில காலத்தில் வழமைக்கு மீளும். மண் மாறாதவரை அதே செய்தி என்பு மச்சையை மீண்டும் வந்தடையும். மண்ணை மாற்றுவது குடியிருப்பு, நிலவுரிமை, ஊதியம் ஆகியன பற்றிய போராட்டத்தின் பணியாகும்.